முதல் அரை மாரத்தானுக்குப் பதினான்கு வாரம்: கொடி கட்டி ஓடுகிறவள் சொல்வது

அரை மாரத்தான் ஓட்டங்களில் 2:45 என்று எழுதிய சின்னக் கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவது என் வேலை. சம்பளம் இல்லாத வேலைதான். பேசர் என்பார்கள். 21.0975 கிலோமீட்டரையும் ஒரே சீராக ஓடி, 2 மணி 45 நிமிடத்துக்குச் சற்று முன்னால் கோட்டைத் தாண்ட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் கடிகாரத்தை மறந்துவிட்டுக் கொடியைப் பார்த்து ஓடினால் போதும். 2:45 வேகக்காரர்களின் நேரம் இல்லை என்பதால் என்னோடு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதல்முறைக்காரர்கள். பயிற்சிக்கு வழி கேட்டு வருகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. 5 கி.மீ. ஓட்டம் உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நடுவில் கொஞ்சம் நடந்தாலும் சரி, வாரம் மூன்று நாள் என்று ஒரு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வராதவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டு வரலாம், அரை மாரத்தான் எங்கும் போய்விடாது. உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மயக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, நெருங்கிய உறவில் யாராவது இளம் வயதிலேயே திடீரென இதயக் கோளாறில் இறந்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் ஷூ.

மூச்சு முந்தும், கால் பிந்தும்

முதல்முறைக்காரர்களுக்கு நான் சொல்ல இருப்பது உண்மையில் ஒன்றுதான், மற்றதெல்லாம் அதன் கிளைகள். உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தயாராவதில்லை.

ஓடத் தொடங்கி ஐந்தாறு வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் தள்ளப் பழகிவிடும். தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை வலுப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதை இன்னும் விசித்திரம். பாரம் கூடினால் அது பழைய திசுவை முதலில் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டத் தொடங்குகிறது. அந்த இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். இன்ஜின் புதிது, அச்சு பழையது என்ற நிலைமை.

அதனால்தான் ஐந்தாவது, ஆறாவது வாரத்தைப் பார்த்து எனக்குப் பயம். "இன்னும் ஓடலாம்போல இருக்கே" என்று தோன்றும் வாரங்கள் அவை. அந்த ஆசை வருவது நுரையீரலிடமிருந்து, காலைக் கேட்டுவிட்டு அது வருவதில்லை. போட்ட திட்டத்தைவிட 4 கி.மீ. கூடுதலாக ஓடிவிட்டு மகிழ்ச்சியோடு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்கள், பத்து நாள் கழித்துக் கெண்டைக்கால் எலும்பு வலிக்கிறது என்று மறுபடி அனுப்புவார்கள்.

இதற்கு மருந்து மெதுவாக ஓடுவதுதான். வாரத்தில் ஓடும் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு என்றால் "ம்", "ஆமா" கணக்கில் வராது. வீட்டில் நடந்த ஒரு சண்டையை, யார் என்ன சொன்னார்கள் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடுகிறவர்கள் மனப்பாடமாகத் தெரிந்த நாலு வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்பலாமா என்று கேட்பார்கள். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு சராசரிதான், தனி மனிதருக்கு அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் தள்ளிப்போவது சர்வ சாதாரணம். தவிர, மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை எண்ணும் கடிகாரங்கள் சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். சிரித்துப் பேசிக்கொண்டு ஓடும்போது 170 என்று காட்டினால் அது அநேகமாக உங்கள் காலடிக் கணக்கு. பேச்சுச் சோதனைக்கு இந்தக் கோளாறெல்லாம் கிடையாது, பேட்டரியும் தீராது.

வாரக் கணக்கு

மூன்று ஓட்டம் போதும். நான்காவதற்கு நேரமும் ஆசையும் இருந்தால் அரை மணி நேர மெல்லோட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காவிட்டால் குடி முழுகிப்போகாது. செவ்வாயில் சுலபமான ஓட்டம், தொடக்கத்தில் 4 கி.மீ., போகப்போக 7. வியாழனில் 5 முதல் 8 கி.மீ., அதில் கொஞ்சம் வேகம் கலந்து. ஞாயிறில் நீண்ட ஓட்டம். கிழமையை உங்கள் வசதிக்கு மாற்றுங்கள், இந்த மூன்று ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருந்தால் சரி.

நீண்ட ஓட்டம்தான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. வாரவாரியாகக் கிலோமீட்டர் இப்படிப் போகும்: 6, 7, 8, 6, 9, 10, 12, 9, 13, 15, 11, 17, 10, பிறகு போட்டி. நாலாவது, எட்டாவது, பதினோராவது வாரங்களில் தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. உடம்பு மராமத்து வேலை பார்ப்பது அந்த வாரங்களில்தான்.

"வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்று ஒரு விதி ஓட்டக்காரர்களிடையே வேதவாக்காகச் சுற்றுகிறது. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இந்த விதிப்படியும் மற்றொன்றை வழக்கமான திட்டப்படியும் ஓடவைத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு பிரிவிலும் காயம்பட்டவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே சதவீதத்தை நினைத்துக் கால்குலேட்டரைத் தட்ட வேண்டியதில்லை. ஒரே நாளில் பெரிய தாவல் கூடாது, அவ்வளவுதான். போன ஞாயிறு 9 ஓடியவர் இந்த ஞாயிறு நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 15 ஓடுவதைத்தான் தடுக்க வேண்டும்.

17-க்கு மேல் ஏன் போகவில்லை, முழுத் தூரத்தையும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டால் தைரியமாக இருக்குமே? இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. பயிற்சியில் 21 ஓடினால் அதன் களைப்பு போட்டி நாள்வரை காலில் கிடக்கும், கிடைக்கும் கூடுதல் பலனோ சொற்பம். 17-ஐ நிதானமாக ஓடி முடித்தவருக்கு மிச்சம் 4 கி.மீ.யை ஓய்வெடுத்த காலும் ஓரத்தில் நின்று கத்துகிற கூட்டமும் பார்த்துக்கொள்ளும். மிக மெதுவாக ஓடுகிறவர்கள் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்க்கலாம்: இரண்டரை மணி ஆனதும், 16 ஆனாலும் சரி 15 ஆனாலும் சரி, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வியாழன் வேகத்துக்கு நாலு வாரம்வரை அவசரமே இல்லை. ஐந்தாவது வாரத்திலிருந்து, சுலப ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி விறுவிறுவென்று ஓடி ஒரு நிமிடம் நடப்பதை நாலைந்து முறை செய்யுங்கள். விறுவிறுப்பு என்றுதான் சொன்னேன், பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம் வேண்டாம். ஏழாவது வாரத்திலிருந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு, ஆறு நிமிடம் அழுத்தமான வேகம், இரண்டு நிமிடம் மெல்லோட்டம், இதை மூன்று முறை. அழுத்தமான வேகத்தில் மூன்று நான்கு சொல் பேச வர வேண்டும், முழு வாக்கியம் வரக்கூடாது.

ஒரு வாரம் விட்டுப்போனால்? காய்ச்சலோ, வேலையோ, வீட்டு விசேஷமோ வரத்தான் செய்யும். ஒரு வாரம் போனால் போன இடத்திலிருந்து தொடருங்கள், விட்டதைச் சேர்த்து ஓட வேண்டாம். இரண்டு வாரம் போனால் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டது, போட்டியும் நெருங்கிவிட்டது என்றால் 10 கி.மீ. பிரிவுக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, பிற்பாடு சாதாரண மக்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது பரப்பியது ஓடி நடக்கும் முறை. களைத்த பிறகு நடப்பதை நடையென்று அவர் கணக்கில் எடுக்கவே மாட்டார். களைப்பு எட்டிப்பார்க்கும் முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே, குறித்த நேரத்தில் நடக்க வேண்டும்.

நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 விநாடி, நடக்கும்போது 11 நிமிடம் என்ற வேகத்தில் போனால், சராசரி 7 நிமிடம் 51 விநாடி வரும். மொத்தத் தூரத்துக்கு 2 மணி 46 நிமிடம். ஒரு நொடிகூட நிற்காமல் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி வீதம் ஓடினால் கிடைப்பது 2:45. நடந்ததால் போனது ஒரே ஒரு நிமிடம். இந்தக் கணக்கைக் காட்டியும் "நடந்தா மாரத்தான் ஓடினேன்னு எப்படிச் சொல்றது" என்று முகம் சுளிக்கிறவர்களை நான் வற்புறுத்துவதில்லை. பதினாறாவது கிலோமீட்டரில் பல பேர் தாமாகவே நடப்பார்கள், அந்த நடைக்கு மட்டும் பெயர் வேறு.

15 கி.மீ. ஓட்டம் ஒன்று எப்படி இருக்கும்

பத்தாவது வாரத்து ஞாயிறை எடுத்துக்கொள்வோம். முதல் கால்மணி நேரம் உடம்பு கல்லாகக் கனக்கும், இன்றைக்கு முடியாது என்றே தோன்றும். அதை நம்பாதீர்கள். மூட்டுகள் சூடாகி, மூச்சு ஒரு தாளத்துக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். 3 கி.மீ.யிலிருந்து 9 வரை நல்ல பொழுது. பேச்சு ஓடும், திடீரென்று கால்களும் தாமாக வேகம் எடுக்கும். அப்போதுதான் கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும்.

11 தாண்டியதும் தோளைப் பாருங்கள். தெரியாமலேயே காதை நோக்கி ஏறியிருக்கும். விரல்கள் முஷ்டியாக இறுகியிருக்கும். கைகளைத் தொங்கவிட்டு நாலு உதறு உதறிவிட்டு, முழங்கையை மறுபடி இடுப்போரத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காய்ந்த இலை ஒன்றை நொறுங்காமல் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டால் முஷ்டி இறுகாது. அடுத்து இடுப்பு. களைத்த இடுப்பு பின்னால் உட்காரும், கால் உடம்புக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் தடாரென்று இறங்கும், ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன பிரேக். காலை எட்டிப்போடாமல் அடியைச் சின்னதாக்கி, சற்று வேகமாக வையுங்கள். பாதம் முழங்காலுக்கு நேர் கீழே இறங்கினால் போதும், முன்பாதம் முதலில் படுகிறதா குதிகால் படுகிறதா என்ற பட்டிமன்றத்தை நடத்துகிறவர்கள் நடத்தட்டும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: காலடிச் சத்தம் பலத்தால் நடை குலைந்திருக்கிறது என்று பொருள்.

13-க்கு மேல் பேச்சு தானாக நிற்கும். அது சரிதான். ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாடு வயிற்றுக்குள் போகட்டும். அன்று பகலில் தூக்கம் கண்ணைச் சொருகும், தூங்குங்கள். பயிற்சி தசையில் சேர்வது தூங்கும்போதுதான் என்பதால், இந்தப் பதினான்கு வாரமும் இரவில் ஏழு எட்டு மணி நேரத் தூக்கத்தை ஒரு ஓட்டமாகவே கணக்கில் வையுங்கள்.

ஷூ, சாக்ஸ், உராய்வு

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடப் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுக்கும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்குகிறதென்றால் ஷூவின் மேல் ஓரத்தில் தனியாக இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். கயிற்றை அந்தத் துளைக்குள் அதே பக்கத்திலிருந்தே விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள், மறுபக்கமும் அப்படியே. வலது கயிற்றை இடது வளையத்துக்குள்ளும் இடதை வலதுக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துவிட்டு முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது. பெரும்பாலான ஷூவில் அந்தத் துளை கடைசிவரை கன்னி கழியாமலேயே கிடக்கிறது.

ஒரு ஜோடி ஏறத்தாழ 500 முதல் 800 கி.மீ. தாங்கும். வாங்கிய தேதியை ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவில் எழுதி வையுங்கள். பதினோராவது வாரத்துக்குப் பிறகு புது ஷூவுக்கு மாற வேண்டாம். உள்ளே கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த ஷூக்கள் முதல் அரை மாரத்தானுக்குத் தேவையில்லை.

பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும், செயற்கை இழையில் நெய்த விளையாட்டு சாக்ஸ் வாங்குங்கள். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு, பெண்களுக்கு மார்க்கச்சையின் கீழ்ப்பட்டை படும் இடம், இங்கெல்லாம் 10 கி.மீ.க்கு மேல் ஓடும் நாளில் வாசலின் தடவுங்கள். மறந்தால் குளிக்கும்போது ஞாபகம் வரும்.

வலியில் இரண்டு சாதி

வாரம் இரண்டு முறை இருபது நிமிடம் தசைப் பயிற்சி செய்கிறவர்களை நான் வலியோடு அதிகம் பார்ப்பதில்லை. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழிறக்குவது, முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பதினைந்து தடவை மூன்று சுற்று. உட்கார்ந்து எழுவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. பிளாங்க், அதாவது முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிப்பது. இந்த நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் குதிகால் உயர்த்தலை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். ஓட்டத்துக்கு முன்னால் காலை முன்னும் பின்னும் வீசி ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள், அசையாமல் நின்று இழுத்துப் பிடிக்கும் நீட்டல்களை ஓடி முடித்த பிறகு செய்யலாம்.

இனி வலி. பத்துக்கு எத்தனை என்று உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குள், ஓட்டத்தின் நடையை மாற்றாமல், மறுநாள் காலைக்குள் காணாமல் போகிறது என்றால் ஓடலாம். நொண்டவைக்கிற வலியோடு ஒரு அடிகூட ஓடக்கூடாது. கெண்டைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு அங்கங்கே வலித்தால் அது அழற்சி, ஓட்டத்தைக் குறைத்துக் கெண்டைக்காலை வலுப்படுத்தினால் அநேகமாக அடங்கும். ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் குத்துகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் சுரீரென்கிறது, ராத்திரியும் வலிக்கிறது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டம் அன்றே நிற்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். அதை "ஓடி ஓடியே சரியாக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துவதும், இறக்கத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் பிடிப்பதும் ஆரம்பத்திலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டியவை.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடம்பில் நீர் குறைந்து நீண்ட நேரம் உழைக்கும்போது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எச்சரிக்கை மணியின் நாக்கையும் அவை கட்டிப்போடும். பெண்களுக்கு இன்னொன்று: தூரம் கூடிக்கொண்டே போகையில் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, ஓட்டத்துக்கு ஏற்ற அளவு சாப்பிடவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. எலும்பும் சேர்ந்து பலவீனப்படும். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஓட்டத்தின் நடுவே என்ன குடிப்பது, என்ன தின்பது

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவருக்குத் தசையில் சேமித்த சர்க்கரை குறைய ஆரம்பிக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் சமாளிக்கலாம். ஓடிக்கொண்டே உறிஞ்சுகிற இனிப்புக் கூழான ஜெல், ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் பாக்கெட் 40, 45 நிமிடத்தில், அதன்பிறகு 35, 40 நிமிடத்துக்கு ஒன்று. தண்ணீரோடு எடுங்கள். இனிப்பான விளையாட்டு பானத்தோடு எடுத்தால் வயிற்றில் பாகு கட்டிக்கொண்டு குமட்டும். 13, 15, 17 கி.மீ. ஞாயிறுகளில் பழகிப் பார்க்காத எந்தப் பொருளும் போட்டி நாளில் வாய்க்குள் போகக்கூடாது. ஓட்டப் பாதையில் கையில் திணிக்கும் இலவச மாதிரிகளும் இதில் அடக்கம்.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்புங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் உடம்பின் கணக்கு பிடிபடும்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், அதுதான் அதிக ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே உலையாக முடியலாம். வெயில் காலத்தில் வேகத்தைத் தயங்காமல் குறையுங்கள், வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு வாரம்வரை பிடிக்கும்.

கடைசி இரண்டு வாரமும் போட்டி நாளும்

17 கி.மீ. முடிந்ததும் பெரிய வேலை முடிந்தது. அடுத்த வாரம் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், போட்டி வாரத்தில் பாதிக்கும் கீழே. வியாழன் வேகத்தை முழுக்க விடாமல் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், கால் மந்தமாகாது. இந்த நாட்களில் இல்லாத வலியெல்லாம் முளைக்கும், தொண்டை கரகரக்கும், "எல்லாம் மறந்துபோச்சோ" என்று மனசு அரிக்கும். ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. கூடுதலாக ஒரு ஓட்டம் ஓடிச் சோதித்துப் பார்க்கும் நினைப்பு மட்டும் வேண்டாம்.

எந்த நேரத்தைக் குறிவைப்பது? உங்கள் 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். 1 மணி 10 நிமிடம் என்றால் 2 மணி 34 நிமிடம் வரும். முதல்முறைக்காரர்களுக்கு இது சற்று ஆசை காட்டும் கணக்கு, நான் எப்போதும் பத்து நிமிடம் சேர்த்துத்தான் சொல்வேன். போட்டியின் நேர வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மணி என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி, மூன்றரை மணி என்றால் 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

முந்தின இரவே எண் அட்டையைச் சட்டையில் நாலு மூலையிலும் குத்தி வையுங்கள். நேரம் பதியும் சிப் அட்டையின் பின்னால் இருந்தால் மடக்காதீர்கள். தூக்கம் வராவிட்டால் கவலை வேண்டாம், அதற்கு முந்தின இரவுகளின் தூக்கம்தான் கணக்கில் வரும். ஓட்டத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் பழகின காலைச் சாப்பாடு. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறை வரிசை.

துப்பாக்கி வெடித்த முதல் இரண்டு கிலோமீட்டரில் என் கொடியைத் தாண்டிக்கொண்டு ஒரு பட்டாளமே போகும். 2:45-க்கு வருவதாகச் சொன்னவர்கள்தான். அவர்களில் பல பேரை 14, 15-இல் ஓரமாக நடந்துகொண்டிருக்கும்போது மறுபடி சந்திப்பேன். முதல் 3 கி.மீ.யைத் திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக ஓடுங்கள். தவறவிடும் அரை நிமிடம் சில்லறைக் காசு, 18-க்கு மேல் நடக்க நேர்ந்தால் கிலோமீட்டருக்கு மூன்று நாலு நிமிடம் போகும்.

தண்ணீர் மேசையில் முதல் மேசையை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போங்கள், நெரிசல் இருக்காது. காகிதக் கோப்பையின் வாயைக் கிள்ளி மூக்கு மாதிரி ஆக்கி, கடைவாயில் வைத்து ஒவ்வொரு மிடறாக விடுங்கள். பத்து அடி நடந்துகொண்டே குடித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது, மூக்கில் ஏறாமல் இருக்கும். விலாவில் பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தை அழுத்திக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

கடிகாரம் 21.1 காட்டும், முடிவுக் கோடு கண்ணிலேயே படாது. பயப்படாதீர்கள். முறையாக அளந்த பாதையில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டிய மிகக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக்கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடுகிற நமக்கு 21.3, 21.4 என்று வருவது வழக்கம். 2:45 வேகத்தில் அந்த 300 மீட்டருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் வேகத்தைப் பாதையோரக் கிலோமீட்டர் பலகையை வைத்துச் சரிபாருங்கள்.

19-இலிருந்து கடைசிவரை சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. அடியைச் சின்னதாக்குங்கள், தோளை இறக்குங்கள், முன்னால் ஓடுகிறவரின் முதுகைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் வலியோ, கண் இருட்டுவதோ, வெயிலில் வியர்வை சட்டென்று நின்று உடம்பு சில்லிடுவதோ நேர்ந்தால் மட்டும் அங்கேயே நின்று மருத்துவ உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் பாருங்கள். மூன்று நாலு நாள் வெறும் நடை. ஒரு வாரம் கழித்து அரை மணி மெல்லோட்டம். நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஆசை அன்று சாயங்காலமே வந்துவிடும், கால் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் படிவத்தைத் திறக்காதீர்கள்.